மண்ணெண்ணெயா, கரண்டா, வெயிலா? திருகோணமலைத் தோட்டக் கிணற்றுக்கு எந்த மெசின்

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டும் திட்டம் 2016-இல் கைவிடப்பட்டது. அதே சம்பூருக்கென 120 மெகாவாட் சூரிய மின்நிலையத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. உலகப் பொருளாதாரம் கரியை விட்டு வெயிலுக்குத் திரும்புகிறது என்ற பேச்சு இப்படிப் பெரிய எண்களில்தான் நம் காதுக்கு வருகிறது. கும்புறுப்பிட்டியிலோ இறக்கக்கண்டியிலோ அரை ஏக்கர் வெங்காயம் வைத்திருப்பவருக்கு அதே கேள்வி வேறு உருவத்தில் வரும்: இறைப்பு மெசின் கைவிட்டுவிட்டது, அடுத்ததும் மண்ணெண்ணெயா, கரண்ட் மோட்டரா, சோலாரா?

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறிய நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. அதற்கு முந்திய வருடம், 2021 மே மாதம், இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு நவம்பரில் அந்த முடிவு மீளப்பெறப்பட்டது. இடையில் போன விளைச்சலின் நட்டத்தைச் சுமந்தவர் கமக்காரர்தான். ஆகவே "பசுமை" என்று யாராவது சொன்னால் விலைச் சிட்டையைத் திருப்பிப் பார்ப்பது நம்மவர்களுக்குப் பழகிவிட்டது. அது நல்ல பழக்கம்.

கந்தளாய்க் குளத்து வாய்க்கால் தண்ணீரில் தம்பலகாமத்தில் வயல் செய்பவருக்கு இந்தக் கணக்கு அவ்வளவு உதவாது. இது கிணற்றை நம்பித் தோட்டம் செய்பவருக்கு, அதிலும் குச்சவெளி, நிலாவெளி, மூதூர்ப் பக்கத்து மணல் நிலத்தவருக்கு.

எதை வைத்து முடிவெடுப்பது

அளவுகோல்கள் ஐந்து. கிணறு ஒரு நாளைக்கு எவ்வளவு தரும், அந்தத் தண்ணீர் உவராகுமா என்பது முதலாவது. அடுத்து, முதல் நாளில் எவ்வளவு காசு வேண்டும், ஒவ்வொரு போகத்துக்கும் எவ்வளவு. மூன்றாவது, காணி சொந்தமா, அனுமதிப்பத்திரமா, குத்தகையா. நான்காவது, பழுதானால் யார், எத்தனை நாளில் திருத்துவார். மணலில் வெங்காயம் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் தாங்காது. கடைசியாக, புகை.

புகையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 2.5 கிலோ கரியமில வாயு வரும். வருடத்துக்கு 170 லீற்றர் எரிக்கும் அரை ஏக்கர்க்காரர் 425 கிலோ விடுகிறார். இலங்கையர் ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி அதைப்போல் நாலு மடங்குக்கும் மேல். உலகத்தின் கடனை அடைக்கும் பொறுப்பு இவர் தலையில் முதலில் விழ வேண்டியதில்லை. இவருடைய வருமானத்தைக் கெடுக்காத மாற்றம் எதுவோ அதுதான் நிலைக்கும்.

மெசினுக்கு முன் கிணறு

எல்லாரும் மெசினிலிருந்து தொடங்குகிறார்கள். கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அளக்கும் மாதம் ஆவணி அல்லது புரட்டாதி. தையில் எந்தக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும். முதல் நாள் பின்னேரத்திலிருந்து இறைக்காமல் விட்டு, விடியற்காலையில் கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளவுங்கள். ஒரு மணித்தியாலம் இறையுங்கள். மெசினை நிறுத்தியவுடன் ஒரு தடவை, நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை அளவுங்கள். 2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 10 சென்ரிமீற்றர் உயரம் என்பது 314 லீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 30 சென்ரிமீற்றர் ஏறினால் ஊற்று ஏறத்தாழ 940 லீற்றர். இதை அப்படியே 24-ஆல் பெருக்கி ஏமாற வேண்டாம். மட்டம் ஏற ஏற ஊற்று தளரும். பாதியென்று வைத்தால் ஒரு நாளைக்கு 11,000 லீற்றர் கிடைக்கும்.

இப்போது தேவையைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெங்காயப் பாத்தி ஒரு நாளைக்கு 6 மில்லிமீற்றர் தண்ணீர் குடிக்கும் என்று வையுங்கள். (மண்ணுக்கடியில் விளையும் நிலக்கடலையும் கச்சான், மேலே நின்று மண்ணைக் காயவைக்கும் காற்றும் கச்சான். நம் ஊர்ப் பேச்சின் விளையாட்டு அது.) அரை ஏக்கருக்கு 12,000 லீற்றர். மண் வாய்க்காலில் ஓடவிட்டால் பாதி வழியிலேயே இறங்கிவிடும், ஆகவே 25,000 லீற்றர் இறைக்க வேண்டும். மேலே அளந்த கிணறு அதற்குப் போதாது. எந்த மெசின் வாங்கினாலும் போதாது.

மணல் நிலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. வெங்காய வேர் நிற்கும் ஓரடி ஆழ மணல் பயிருக்குத் தரக்கூடிய தண்ணீர் 20 மில்லிமீற்றரைச் சுற்றித்தான். அதில் கால்வாசி குறைந்ததும் பயிர் வாடத் தொடங்கும். அதனால்தான் தினமும் இறைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் தண்ணீரை ஒரே நாளில் விட்டால் மிச்சம் வேருக்குக் கீழே போகும், போகும்போது யூரியாவையும் கரைத்துக்கொண்டு உங்கள் கிணற்றுக்கே திரும்பும். அதே கிணற்றில்தான் வீட்டில் குடிக்கவும் அள்ளுகிறார்கள்.

அடுத்தது உவர். கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர், உவர்த் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கும் என்பது பழைய நிலநீர்க் கணக்கு. திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும்: மேல்மட்டம் நிரந்தரமாக 30 சென்ரிமீற்றர் இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 12 மீற்றர் மேலே வரலாம். நாக்கு அதைக் கண்டுபிடிப்பதற்குள் வெங்காயம் கண்டுபிடித்துவிடும். தண்ணீரின் உப்பைக் காட்டும் கையடக்கமான மின்கடத்துதிறன் மானி ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கி வைத்தால் ஊருக்கே போதும். பாய்ச்சும் தண்ணீர் 800 மைக்ரோசீமன்ஸுக்குள் இருந்தால் வெங்காயத்துக்குக் குறைவில்லை. 1,200 காட்டினால் விளைச்சலில் பத்தில் ஒன்று போகும். 1,800-இல் கால்வாசி, 2,900-இல் அரைவாசி.

நாலு வழியும் ஒரு பார்வையில்

கீழுள்ளவை அரை ஏக்கர் வெங்காயம், நாளுக்கு 25,000 லீற்றர், மொத்த ஏற்றம் 8 மீற்றர் என்ற கணக்கில். மொத்த ஏற்றம் என்பது தரையிலிருந்து கிணற்று நீர்மட்டம் வரையான ஆழம், இறைக்கும்போது இறங்கும் மட்டம், குழாய் உராய்வு மூன்றும் சேர்ந்தது.

| | மண்ணெண்ணெய் | கரண்ட் | தனிச் சோலார் | கூட்டுச் சோலார் |
|---|---|---|---|---|
| ஒரு நாளைக்கு | ஏறத்தாழ 1.4 லீற்றர் | ஏறத்தாழ 1.2 யூனிட் | வெயில் 6 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் | ஆளுக்கு 2 மணித்தியாலம், மூன்று பேர் (ஆளுக்கு 8,000 லீற்றர்தான்) |
| முதல் நாள் காசு | குறைவு | தூண் பக்கத்தில் என்றால் குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் |
| குத்தகைக் காணிக்கு | பொருந்தும் | அநேகமாகப் பொருந்தாது | கழற்றக்கூடியதாக இருந்தால் மட்டும் | வண்டியில் வைத்தால் பொருந்தும் |
| எங்கே சிக்கல் வரும் | எண்ணெய் விலை, தட்டுப்பாடு | குறைந்த வோல்டேஜ் | கொன்ரோலர் (மோட்டரை இயக்கும் மின்பெட்டி), கடன் வட்டி | ஆட்களுக்குள் |
| உவர் ஆபத்து | வேகமாக இழுப்பதால் | நடுத்தரம் | நாள் முழுக்க ஓடுவதால் | முறை வைத்தால் குறைவு |

மண்ணெண்ணெய் மெசின்

இரண்டங்குல மெசின் 8 மீற்றர் ஏற்றத்தில் மணிக்கு 20,000 லீற்றர் தள்ளும், ஒரு லீற்றருக்குச் சற்று அதிகமாகக் குடிக்கும். ஒரு போகத்தில் 60 நாள் இறைப்பு என்றால் ஏறத்தாழ 85 லீற்றர். இரண்டு போகத்துக்கு 170. லீற்றர் 200 ரூபாய் என்றால் வருடம் 34,000 ரூபாய். 2022-இன் 340 ரூபாய் என்றால் 57,800. உங்கள் ஊரின் இன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள்.

கணக்கில் எழுதாத செலவுகள் உண்டு. பெற்றோலில் தொடங்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பாவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி அடுத்த நாள் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஆகவே ஒயிலை 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போடுவதால்தான் பல மெசின்களுக்கு ரிங் போகிறது. கடற்றொழிலுக்கும் இதே எண்ணெய் வேண்டும் என்பதால் தட்டுப்பாடு வந்தால் வரிசையில் வள்ளக்காரரும் நிற்பார்.

ஒரு எச்சரிக்கை. மேலே நிற்கும் மெசின் நடைமுறையில் 7 மீற்றருக்குக் கீழிருந்து தண்ணீர் உறிஞ்சாது. மட்டம் இறங்கியதும் மெசினைக் கிணற்றுக்குள் தட்டுக் கட்டி இறக்குவதுண்டு. செய்யாதீர்கள். என்ஜின் விடும் காபன் மொனொக்சைட்டு கிணற்றுக்குள் தேங்கும், மணமில்லாமல் ஆளைக் கொல்லும். இறங்கியவரைத் தூக்க இறங்குபவரும் திரும்புவதில்லை.

இத்தனைக்கும் பிறகும் மண்ணெண்ணெய்தான் சரியென்று சொல்லக்கூடிய இடங்கள் உண்டு: ஒரு போகம் மட்டும் செய்பவர், வருடத்துக்கு வருடம் குத்தகை மாறுபவர், கால் ஏக்கர்க்காரர். இருக்கிற மெசின் நன்றாக ஓடுமானால் அதைப் பராமரிப்பதே அவர்களுக்கு மலிவு.

கரண்ட் மோட்டர்

மின்தூண் தோட்டத்து வேலிக்குப் பக்கத்தில் இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். 1.4 லீற்றர் எண்ணெய் செய்யும் வேலையை 1.2 யூனிட் செய்துவிடும். எண்ணெயின் பெரும்பங்கு வெப்பமாகப் போகிறது, மோட்டரில் அவ்வளவு போவதில்லை. நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்தாலும் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி நீராலும் காற்றாலும் வெயிலாலும் வருவதால், புகைக் கணக்கிலும் இது தோற்காது.

தடை வேறு இடத்தில். புதிய இணைப்புக்குத் தூண் எண்ணிக்கைப்படி காசு ஏறும், காணிப் பத்திரமும் கேட்பார்கள். இடம்பெயர்ந்து திரும்பிய பல குடும்பங்களுக்குக் கைக்கெட்டாதது அந்தப் பத்திரம்தான். கம்பியின் கடைக்கோடியில் மாலையில் வோல்டேஜ் 200-க்குக் கீழே போகும் இடங்களில் மோட்டர் சூடேறி எரியும், காலையில் இறையுங்கள். ஈரத்தில் நின்று இயக்குவதால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாமல் இணைக்கவே கூடாது.

தனிச் சோலார்

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், கணக்கும் இங்கேதான் அதிகம் பிசகுகிறது.

25,000 லீற்றரை 8 மீற்றர் ஏற்ற ஏறத்தாழ 550 வாட்-மணி வேலை போதும். மோட்டர், பம்ப் இரண்டிலும் போகும் நட்டத்தைச் சேர்த்தால் பனலிலிருந்து 1,360 வாட்-மணி வேண்டும். ஐந்து மணித்தியால முழு வெயில், தூசி, சூடு எல்லாம் கழித்தால் 360 வாட் பனல். அதாவது கணக்குப்படி இன்றைய பெரிய பனல் ஒன்றே காணும். மோட்டருக்கு வேண்டிய வோல்டேஜுக்காக இரண்டு வைக்கலாம். கடையில் முன்வைப்பதோ ஒன்றரை, இரண்டு குதிரைவலு மோட்டரும் நாலு, ஆறு பனலும். பெரிது நல்லது என்ற எண்ணத்தில் வாங்கினால் ஒரு தவறுக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறீர்கள்: முதலில் கடைக்காரருக்கு, பிறகு கிணற்றுக்கு.

சிறிய சோலார் மோட்டர் மணிக்கு 4,000 லீற்றர்தான் எடுக்கும். மண்ணெண்ணெய் மெசின் ஒரே மூச்சில் இழுப்பதுபோல் கிணற்று மட்டத்தை அது சட்டென்று இறக்காது, கீழேயுள்ள உவரையும் அவ்வளவு மேலே இழுக்காது. மணல் கிணற்றுக்கு இது பெரிய நன்மை. ஆனால் இறைப்பதற்குக் காசில்லை என்றானபின் மனிதர் செய்வது ஒன்றுதான்: நிறுத்துவதில்லை. அரை ஏக்கர் ஒரு ஏக்கராகும், இரண்டு போகம் மூன்றாகும். எண்ணெய் விலை அதுவரை தெரியாமலே கிணற்றுக்குக் காவல் நின்றது. அந்தக் காவலை எடுக்கும்போது வேறு காவல் போட வேண்டும்: தண்ணீர்மானி, தொட்டி நிறைந்தால் நிறுத்தும் மிதவைச் சுவிச், அல்லது மோட்டரையே சிறிதாக வாங்குவது. மூன்றிலும் கடைசிதான் யாரும் ஏமாற்ற முடியாதது.

இப்போது காசு. உதாரணத்துக்கு எல்லாம் பூட்டி முடிக்க மூன்று இலட்சம் என்று வையுங்கள். எண்ணெய் 200 ரூபாயாக இருந்தால் மிச்சம் வருடம் 34,000. போட்ட முதல் திரும்ப ஒன்பது வருடம். 340 ரூபாயாக இருந்தால் ஐந்து வருடம். கைக்காசு என்றால் இது தாங்கும். நகையை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ வருடம் 18 வீத வட்டிக்கு வாங்கினால் முதல் வருட வட்டி மட்டும் 54,000. எண்ணெய் 200 ரூபாயென்றால் மிஞ்சுவதைவிட அது அதிகம், 340 என்றாலும் மிஞ்சுவதை ஏறத்தாழ முழுதாக விழுங்கிவிடும். ஏழைக்கு உதவும் என்று விற்கப்படும் பொருள் ஏழையைக் கடனாளியாக்குவது இந்த இடத்தில்தான். மானியமோ குறைந்த வட்டிக் கடனோ இல்லாமல் அரை ஏக்கர்க்காரர் தனியே சோலார் வாங்க வேண்டாம் என்பது எங்கள் முடிவு. இரண்டு ஏக்கர், மூன்று போகம், நல்ல கிணறு, சொந்தக் காணி என்றால் கணக்கு மாறும்.

மறைந்திருக்கும் செலவுகள்: மெதுவாக வரும் தண்ணீர் மணல் வாய்க்காலில் பாத்தி வரை போய்ச் சேராது, ஆகவே குழாயோ தொட்டியோ கட்டாயம். பற்றரி வேண்டாம்; கரண்டைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைத் தொட்டியில் சேமிப்பது மலிவு. பனல் 25 வருடம் நிற்கும், கொன்ரோலரும் மோட்டரும் அதற்குள் ஒன்றிரண்டு தடவையாவது மாறும், அதற்கு வருடாவருடம் காசு ஒதுக்குங்கள். கிணறு வற்றினால் தானே நிற்கும் ஏற்பாடு இல்லாத மோட்டர் ஒரு மத்தியானத்தில் எரிந்துவிடும். அடியிலிருந்து அரை மீற்றராவது தூக்கித் தொங்கவிடாவிட்டால் மணல் தின்னும்.

பூட்டும்போது தெற்கு நோக்கி 10 பாகை சாய்வு போதும்; அதற்குக் குறைந்தால் மழைத் தண்ணீர் வழிந்து தூசியைக் கழுவாது. கடற்காற்றில் சாதாரண இரும்பு ஆணி இரண்டு வருடம் தாங்காது, சட்டம் அலுமினியமாகவும் ஆணிகள் துருப்பிடிக்காத உருக்காகவும் இருக்கட்டும். பனையோலை ஒன்றின் நிழல் விழுந்தாலே தண்ணீர் பாதியாகலாம். இடிமின்னலுக்கு நிலக்கம்பி அடியுங்கள். 2020 டிசம்பர் 2-ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்குச் சற்று வடக்கே, இதே தோட்டங்கள் இருக்கும் கரையில்தான். எச்சரிக்கை வந்தால் இரண்டு பேர் சேர்ந்து பனலைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கக்கூடிய விதமாகப் பூட்டச் சொல்லுங்கள்.

கூட்டுச் சோலார்

பங்களாதேசத்தில் மெசினை நிறுவனம் வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கமக்காரருக்குக் காசுக்கு விடும் முறை பரவலாக ஓடுகிறது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-இல் சோலார் மெசின் வைத்திருந்த கமக்காரர் கூட்டுறவு அமைத்து, இறைக்காத நேரத்து மின்சாரத்தை மின்கம்பிக்கு விற்றார்கள். அந்த யோசனைக்குப் பின்னால் நின்றது இலங்கையில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம். விற்கலாம் என்றானதும், இறைக்காமல் விட்ட தண்ணீருக்கும் விலை வந்தது. நம் நாட்டிலும் 2016-இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமத் திட்டத்தின் கீழ் கூரைச் சோலாரை மின்கம்பியோடு இணைக்கலாம். தூண் பக்கத்தில் இருப்பவர் தோட்டத்தில் கரண்ட் மோட்டரும் வீட்டுக் கூரையில் பனலும் வைத்தால் அதே பயன் கிடைக்கும்.

தூண் எட்டாத இடத்தில் செய்யக்கூடியது சிறியது: அடுத்தடுத்த தோட்டம் மூன்று பேர், இரண்டு பனலும் ஒரு மோட்டரும் தள்ளுவண்டியில். ஆளாளுக்கு வேறு கிணறு, வேறு நேரம். அந்த மூன்று இலட்சம் மூன்றாகப் பிரிந்தால் ஒருவருக்கு ஒரு இலட்சம், கடனில்லாமல் ஒரு சீட்டுக் காசில் முடியும். ஆனால் ஆளுக்கு 2 மணித்தியாலத்தில் 8,000 லீற்றர்தான் வரும். வாய்க்கால் முறையில் அது அரை ஏக்கருக்குக் காணாது. கால் ஏக்கரைக் குழாயால் நனைக்கலாம்.

இது உடைவது தொழில்நுட்பத்தால் அல்ல. எல்லாருக்கும் 10 மணி முதல் 2 மணி வரை உள்ள வெயில்தான் வேண்டும். அதனால் முறை வாரம்தோறும் சுழல வேண்டும். திருத்தக் காசு பழுதான பின் சேர்க்கப்படுவதால் மெசின் வாரக்கணக்கில் கிடக்கும். ஒவ்வொரு முறைக்கும் சிறு தொகை முன்கூட்டியே பெட்டியில் விழ வேண்டும். களவு போனால், புயலில் உடைந்தால் யார் எவ்வளவு என்பதை வாங்கும் நாளிலேயே எழுதி மூவரும் ஒப்பமிடுங்கள். கயிறு இழுத்து மெசினைத் தொடக்க முடியாத வயதானவர்களுக்கும், தனியே குடும்பம் நடத்தும் பெண்களுக்கும் சுவிச்சில் ஓடும் மோட்டர் தரும் விடுதலை சிறிதல்ல. குழுவில் அவர்களுக்கு வெயில் நேரத்தின் நல்ல பங்கு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மெசினை மாற்றாமல் குழாயை மாற்றுவது

வாய்க்காலுக்குப் பதில் குழாயும் துளையிட்ட நாடாவும் போட்டால் 25,000 லீற்றர் 13,500-க்கு இறங்கும். மேலே அளந்த 11,000 லீற்றர்க் கிணற்றுக்கு இருக்கும் ஒரே வழி இதுதான். அதுவும் கொஞ்சம் பரப்பைக் குறைத்தபின். ஆனால் எண்ணெய் மிஞ்சுமென்று நம்பி வாங்காதீர்கள். நாடாவுக்கு அழுத்தம் வேண்டுமென்பதால் ஏற்றம் 8 மீற்றரிலிருந்து 18 ஆகும். 25-ஐ 8-ஆல் பெருக்கினால் 200, 13.5-ஐ 18-ஆல் பெருக்கினால் 243. வேலை கூடுகிறது. மிஞ்சுவது தண்ணீரும் உரமும் ஆள்கூலியும். சுண்ணாம்பும் இரும்பும் உள்ள தண்ணீரில் துளை அடைக்கும், வடிகட்டி இல்லாமல் போடக் கூடாது. தரை ஓரளவு மட்டமென்றால் ஒரு மீற்றர் உயரத் தொட்டியிலிருந்து சொட்டுக்குழாய் ஓடும்; அங்கே ஏற்றச் செலவும் குறைவு.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

"இத்தனை குதிரைவலு" என்ற பதிலை ஏற்காதீர்கள். 8 மீற்றர் ஏற்றத்தில், மேகமில்லாத ஆவணி நாளில், காலை முதல் மாலை வரை மொத்தம் எத்தனை லீற்றர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கொன்ரோலர் பழுதானால் திருகோணமலையிலேயே திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, அனுப்பினால் அதுவரை மாற்று மெசின் தருவார்களா என்று கேளுங்கள். பூட்டிய பிறகு ஒரு பீப்பாயும் மணிக்கூடும் வைத்து நீங்களே அளவுங்கள்: 200 லீற்றர்ப் பீப்பாய் மத்தியான வெயிலில் மூன்று நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 4,000. நிறையாவிட்டால் மிச்சக் காசைக் கொடுக்க வேண்டாம். பழைய மண்ணெண்ணெய் மெசினை முதல் இரண்டு போகத்துக்கு விற்கவும் வேண்டாம். ஒயிலை மாற்றிச் சாக்குப் போட்டு மூடி வையுங்கள்.